அழுக்குப் படாத அரண்மனை

தும்முவதற்கென்றே தனி மண்டபம் கட்டிய ராஜாவின் அரண்மனையைப் பார்க்க ஒரு கட்டெறும்பு போயிற்று. வெளிச்சுவரில் குடியிருந்த பல்லி சுற்றிக் காட்ட வந்தது.

“இது தும்முகிற மண்டபம். பக்கத்தில் இருப்பது, தும்மல் வருமா வராதா என்று காத்திருக்கிற மண்டபம். காலைத் துடைத்துக்கொண்டு வா.”

பளிங்குத் தரையில் எறும்பு வழுக்கி வழுக்கி விழுந்தது. எங்கு பார்த்தாலும் தங்கம், ஆள்தான் இல்லை.

“ராஜா எங்கே அண்ணே?”

“மாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறார். இங்கே புழங்கினால் அழுக்காகிவிடாதா?”

“தும்மல் வந்தால்?”

“அங்கேயே தும்மிக்கொள்வார்.”

எறும்புக்குப் பிரமிப்பு தாங்கவில்லை. ஊர் திரும்பியதும் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னது. இத்தனை நாளும் நடந்து நடந்தே நம் புற்றைப் பாழாக்கிவிட்டோமே என்று எறும்புகள் வெட்கப்பட்டன. உள்ளே சுத்தமாகப் பெருக்கிவிட்டு, முட்டைகளோடு வெளியே வந்துவிட்டன.

சாயங்காலம் அடைமழை பிடித்துக்கொண்டது. உள்ளே சொட்டு ஈரம் படாத புற்றை எறும்புகள் நனைந்தபடி பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தன.

அந்த வழியாக வந்த நத்தை, “உள்ளே போனால் என்ன?” என்று கேட்டது.

கட்டெறும்பு வாயிலிருந்த முட்டையைச் சேற்றில் இறக்கி வைத்தது.

“இந்தக் காலோடா?” என்றது.