பதினேழு ழகரங்கள்

தட்டச்சு செய்ய வந்தவர், எலியைப் பிடித்துக்கொண்டு திரையில் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

கையெதிரே விசைப்பலகை இருக்கிறது. விரல்கள் பத்தும் நன்றாக இருக்கின்றன. கடகடவென்று இரண்டு வரி அடிக்கிறார். சட்டென்று நிறுத்தி, எலியை நகர்த்தி, திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருக்கும் பொம்மை விசைப்பலகையில் ஓர் எழுத்தைச் சொடுக்குகிறார். மறுபடி கடகட. மறுபடி சொடுக்கு.

எங்கள் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் தேடிப் போடுவதால் எனக்கு 'ஒற்று' என்று பட்டப்பெயர். வேவு பார்ப்பதற்கும் ஒற்று என்றுதான் பெயர். எந்தப் பொருளில் வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்று நாள் அவர் பின்னால் நின்று கவனித்தேன், கையில் குவளையோடு. குவளையில் 'தேநீர்க் குவளை' என்று சீட்டு ஒட்டியிருக்கும். என் பொருள்களுக்கெல்லாம் நல்ல தமிழில் சீட்டு எழுதி ஒட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

'பணியிடத்தில் எதையும் பருகக் கூடாது' என்று சுவரில் இருக்கும் அறிவிப்பும் நான் எழுதியதுதான். எழுதியவரையும் அது கட்டுப்படுத்துமா என்று அதில் இல்லை. போன மாதம் ஒரு மாலை என் விசைப்பலகை மேலேயே தேநீரைக் கொட்டிவிட்டேன். யாரும் பார்ப்பதற்குள் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் புதிது போல வேலை செய்தது. என் கைராசி அப்படி.

நான்காம் நாள் கண்டுபிடித்துவிட்டேன். அவர் எலியால் சொடுக்குவது ஒரே ஓர் எழுத்தை. ழ.

தமிழ்ப் பதிப்பகத்தில் தட்டச்சருக்கு ழ இருக்கும் இடம் தெரியவில்லை!

"ழ எங்க இருக்குன்னு தெரியாதாம்மா?" என்றேன்.

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கு இந்த எலி வேட்டை?"

"இப்படியே பழகிடுச்சு சார்" என்று சிரித்தார். அந்தப் 'பழகி'யில் ழகரத்தைச் சுத்தமாக உச்சரித்தார். அது வேறு எரிச்சல்.

அன்றோடு அவருடைய மூன்று மாதச் சோதனைக்காலம் முடிகிறது. மூன்று மணிக்கு மேலாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். அவர் வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் நான் ஆள் பார்ப்பதில்லை.

மேலாளருக்கு ஒரு கடிதம் அடித்தேன். 'வழுவும் இழுக்கும் ஒழுங்கின்மையும் தமிழுக்கு இழைக்கும் பிழை' என்று தொடங்கினேன். முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். பதினேழு ழகரங்கள். ஒவ்வொன்றும் விரல் பட்டதும் பூப்போல விழுந்திருந்தது.

மேலாளர் படித்தார். எழுந்து தட்டச்சர் மேசைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். பார்க்க வேண்டாமா?

"எலியைத் தொடாம 'தமிழ் வாழ்க'ன்னு அடிங்க பாப்போம்."

தட்டச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அடித்தார். ழ இருக்க வேண்டிய இடங்களில் புள்ளி மட்டும் அந்தரத்தில் நின்றது.

மேலாளர் குனிந்து அந்த விசையைத் தானே நான்கு முறை அழுத்தினார்.

"கீ செத்துப்போயிருக்கு. ஏன் சொல்லல?"

"புதுசு கேட்டா எப்படிக் கெட்டுச்சுன்னு எழுதித் தரணுமே மேடம்."

"எப்படிக் கெட்டுச்சு?"

"என் கைதான் ஏதாவது பண்ணியிருக்கும்."

உள்ளே தூசி அடைத்திருக்கலாம், கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள் என்று மேலாளர் விசைப்பலகையை என்னிடம் நீட்டினார்.

கவிழ்த்தேன். அடியில் ஒரு சீட்டு. ஓரமெல்லாம் தேநீர்க் கறை. எழுத்து என்னுடையது.

என் மேசையில் ஒரு மாதமாக என் கைராசியில் ஓடிக்கொண்டிருப்பது யாருடைய விசைப்பலகை என்று அப்போது புரிந்தது. பதினேழு ழகரங்களும் அதில் அடித்தவைதான்.

"மேடம், அந்தக் கடிதத்தைக் குடுங்க. ஒரு பிழை இருக்கு."

"உங்க கடிதத்துலயா? எழுத்துப் பிழையா?"

"ஆள் பிழை. டீயைக் கொட்டிக் கெடுத்தது நான். இவங்க தன்னோடதை எனக்கு வச்சிட்டு இதை எடுத்துக்கிட்டிருக்காங்க."

மேலாளர் சுவரிலிருந்த அறிவிப்பை ஒரு முறை படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

தட்டச்சருக்குத்தான் கூச்சமாக இருந்தது. "நான் எலியை வச்சுச் சமாளிச்சுக்குவேன் மேடம். சாருக்கு ழ இல்லாம ஒரு நாள் ஓடாது."

மூன்று மணிக்குக் கையெழுத்து விழுந்தது. என் கடிதம் நான்காகக் கிழிந்து கூடைக்குப் போனது.

அவருடையதை அவரிடம் கொடுத்துவிட்டு, என்னுடையதை என் மேசைக்கு எடுத்து வந்தேன். இனி எலி வேட்டை எனக்கு. கறை படிந்த சீட்டையாவது மாற்றலாம் என்று திருப்பினேன். அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்.

'விசைபலகை' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நடுவில், பென்சிலால், பொடி எழுத்தில் ஒரு 'ப்' போட்டிருந்தார்.