விலைக்கு வந்த டிராக்டர்

"நீ தள்ளி நில்லு. கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாம கொட்டகைச் சுவரையே இடிச்சவ!" என்றார் கணவர் மனைவியிடம்.

டிராக்டர் வாங்க வந்தவர் சிரித்தார். மனைவி ஒதுங்கினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரும் முன்பே கணவர் இந்தக் கதையை அவிழ்த்துவிடுவார். அன்று புல் வெட்டும்போது கிளட்சை மிதித்ததாக அவள் சொல்லிப் பார்த்தாள். போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

வந்தவர், பின்னால் புல்வெட்டி சுழல, ஒரு சுற்று ஓட்டினார். வேலி அருகே கிளட்சை மிதித்தார். வண்டி வேலியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

"ஐயோ, நான் மிதிச்சேங்க!"

வியாபாரம் கெட்டுவிடுமோ என்று கணவர் ஓடினார்.

"பதறாதீங்க சார், உங்க மேல தப்பே இல்ல. பழைய மாடல் இது. கிளட்சை மிதிச்சாலும், சுத்துற புல்வெட்டி அந்த வேகத்துல கியரைத் திருப்பி வண்டியைத் தள்ளிடும். ஒரு கப்ளிங் மாட்டினா சரியாயிடும். வாங்கின அன்னைக்கே மெக்கானிக் சொன்னான்..."

மனைவி நின்ற பக்கம் மெல்லத் திரும்பினார்.

அவள் டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி விக்கிறதுக்கில்லைங்க," என்றாள் வந்தவரிடம். "அந்தக் கப்ளிங் எங்க கிடைக்கும்னு மட்டும் இவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."