கம்பி அறுந்த விசைப்பலகை

நீஷ் நகரப் பேருந்து நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் தெசாங்காவின் விரல்கள் எப்போதும் திரையை முந்திக்கொண்டு ஓடும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேரும். இன்று அந்தக் கணினியைத் தூக்கிவிட்டு, படங்கள் நிறைந்த புதுத் திரையை வைத்திருந்தார்கள்.

“மவுஸைப் பிடிங்கக்கா. இல்லேன்னா நாளையிலேர்ந்து உங்களுக்கு லக்கேஜ் ரூம்தான்,” என்றான் மேலாளர் ராதிவோய்.

“ஒவ்வொரு படமா குத்திக்கிட்டிருந்தா, பஸ்ஸு வியன்னா போயிட்டுத் திரும்பி வந்துடும், தம்பி.”

அவள் பழைய விசைப்பலகையை மடியில் வைத்துத் தட்டினாள். அதன் கம்பி அறுந்து தரையில் கிடந்தது. டிக்கெட் அச்சாகி வந்தது. வரிசையில் முதலில் நின்றவர் வாங்கிக்கொண்டு போனார்.

ராதிவோய் அச்சு இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கினான். “இப்ப அடிங்க பாப்போம்!”

“நான் எப்பவோ அடிச்சு முடிச்சுட்டேன். அதுதான் மெதுவா வருது,” என்று தெசாங்கா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

இன்னொரு டிக்கெட் வெளியே நீண்டது. வியன்னாவுக்கு, போக மட்டும். பயணியின் பெயர் ராதிவோய்.

வெளியே வியன்னா பேருந்தின் ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். “யாருய்யா ராதிவோய்? பெட்டிய ஏத்திட்டு ஆளைக் காணோமே!”

தெசாங்கா மேலாளரைத் தாண்டி வரிசையைப் பார்த்தாள்.

“அடுத்து யாரு?”