எவரிஸ்தோவின் பேட்டரி

"இருக்கறதிலேயே பலசாலி இதுதான் அக்கா. லாரியையே எழுப்பிடும்" என்று செங்கல் கனத்தில் இருந்த கறுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தான் பிராவுலியோ. நெலிதா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. கொப்பியாப்போ ஊரில் மற்ற கடைக்காரர்கள் எல்லாம் கதவை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். காலையிலிருந்து தன் உதிரிபாகக் கடையில் நின்றபடியே இருந்ததில் பிராவுலியோவுக்குக் கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் இதை இன்றைக்கே முடித்தாக வேண்டும். விடிந்தால் ஞாயிறு.

ஞாயிறு என்றால் பாலைவனம். பதினோரு வருடமாக ஆறு ஜீப்புகள் சேர்ந்து மணல்மேடுகளுக்குப் போய் வருகின்றன. முன்னால் போவது எப்போதும் நெலிதாவின் கணவர் எவரிஸ்தோதான். வரைபடம் கிடையாது, கைபேசியைப் பார்ப்பதும் கிடையாது. அவர் வண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டு போவார்கள்.

ஐந்து வாரமாக அவர் வரவில்லை. காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் அவருடைய ஜீப் செத்துக் கிடக்கும். "முன்விளக்கை அணைக்க மறந்துட்டேன்டா. நீங்க கிளம்புங்க" என்பார். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, பிராவுலியோ தன் வண்டியை ஒட்டி நிறுத்திக் கேபிள் மாட்டி மல்லுக்கட்டுவான். என்ஜின் உறுமுவதற்குள் வெயில் ஏறிவிடும்.

"இனிமே எதுக்குடா? அடுத்த வாரம் பார்ப்போம்" என்று எவரிஸ்தோ வீட்டுக்குள் போய்விடுவார். அங்கிருந்து தனியாகத் திரும்பும்போது பிராவுலியோவுக்கு உடம்பே கனக்கும்.

ஐந்து பேரும் கூடிப் பேசி, பேட்டரி செத்தாலும் வண்டியைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், இன்னொரு வண்டியின் தயவு வேண்டாம். எது தோதுப்படும் என்று வீட்டம்மாவே பார்த்துச் சொல்லட்டும் என்று நெலிதாவைக் கடைக்கு வரச் சொன்னது பிராவுலியோதான்.

அவனுக்கு இதில் வேறொரு பயமும் இருந்தது. இந்த ஐந்து வாரத்துக்கு முன்னால், மார்ச் கடைசியில், எவரிஸ்தோ கூட்டத்தை விட்டு விலகி ஒரு பகல் முழுக்கக் காணாமல் போனார். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஜீப் நிழலில் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

"பேட்டரி போயிடுச்சு" என்றார் அவர். அவன் சாவியைத் திருகினான். முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது. உயிரோடு கிடைத்த மனுஷனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அழைத்து வந்தான்.

"அது சரி, இந்தச் சின்னது?" நெலிதா மேசை ஓரத்தில் கிடந்த, சோப்புப்பெட்டி அளவு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"அது அவருக்கு ஆகாது அக்கா. பேட்டரியில கொஞ்சமாச்சும் உயிர் இருந்தாத்தான் அது வேலை செய்யும். பெரிசுல தனியா ஒரு பொத்தான் இருக்கு பாருங்க. அதை அமுக்கினா செத்த பேட்டரியும் எழுந்து உட்காரும்."

"ராத்திரி முழுக்க வண்டி விளக்கு எரிஞ்சிருந்தா?"

"சின்னதால ஒண்ணும் முடியாது."

"மாட்டினா என்ன ஆகும்?"

"அதுல இருக்கற பச்சை விளக்கு மினுக்கும். அவ்வளவுதான்."

"மினுக்குமில்ல?"

"மினுக்கும்."

நெலிதா அந்தச் சின்னப் பெட்டியைக் கையிலிருந்த ரொட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிராவுலியோ மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து பையின் வாயைப் பிடித்தான்.

"விலையைப் பார்க்காதீங்க அக்கா. நாங்க எல்லாரும் சேர்ந்து தர்றது."

"விலையைப் பார்க்கலை தம்பி."

"கனமா இருக்கேன்னு பார்க்கறீங்களா? நானே கொண்டாந்து அவர் வண்டியில வைக்கிறேன்."

"வேண்டாம்."

பிராவுலியோ முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அவர் முன்னாடி போகாம எங்க யாருக்குமே கால் ஓடலை. ஒரு மனுஷன் விளக்கை அணைக்க மறக்கறாரு, அதுக்கு நாங்க இவ்வளவு பாடு படறோம். படுக்கப் போறதுக்கு முன்னாடி நீங்களாவது ஒரு தடவை எட்டிப் பார்த்து அணைச்சிருக்கலாம்ல?"

நெலிதா தூக்கமில்லாத கண்ணை புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"முதல் வாரம் போய் அணைச்சேன். விடியறதுக்குள்ள திரும்பவும் எரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் போகலை."

பிராவுலியோ பையிலிருந்து கையை எடுத்தான். அவள் வாசல்வரை போய், கதவுப் பிடியில் கையை வைத்தபடி திரும்பினாள்.

"அவர் விளக்கை மறக்கலை தம்பி. வழியைத்தான் மறந்துட்டாரு."