எந்தக் கையும் தொடாது

அந்த வாக்கியம் அவளுடையதுதான்.

காலையில் எழுதினாள். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். அத்தனை பிடித்திருந்தது.

'ஐரோப்பாவுக்கு வெளியே எந்தக் கையும் உங்கள் தரவைத் தொடாது.'

வியன்னா தலைமை அலுவலகம் அனுப்பிய அறிவிப்பு வரைவில் 'அயல்நாட்டு அணுகல் கட்டுப்படுத்தப்படும்' என்று இருந்தது. நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்த்தாள். அதையே நீட்டி முழக்கித் திருப்பித் தந்தது. 'கை' என்ற சொல்லைப் போட்டது அவள்.

உன்னால்தான் இப்படி எழுத முடியும் என்று வியன்னாவிலிருந்து அவள் மேலதிகாரி காத்ரின் பாராட்டியிருந்தாள்.

மதியம் காத்ரின் அழைத்தாள். குரல் இதமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து வாடிக்கையாளர்களுக்கு நுண்ணறிவே பதில் சொல்லும். மிச்சத்தை வியன்னா பார்த்துக்கொள்ளும். கோயம்புத்தூர் கிளை மூடப்படுகிறது. உங்களுக்கு ஏதோ பண்டிகை இல்லையா, அது முடியட்டும், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம். உன்னைப் பற்றியும் பிறகு பேசுவோம்.

சரி என்றாள். நன்றி என்றும் சொன்னாள். எதற்கு என்று தெரியவில்லை.

'வெளியே' என்று எழுதும்போது அவள் மனதில் இருந்தது அமெரிக்கா.

ஐரோப்பாவின் தரவு அமெரிக்கக் கம்பெனிகளிடம் போகக்கூடாது, தொழில்நுட்ப இறையாண்மை வேண்டும் என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அவளும் வியன்னாவோடு சேர்ந்து கோபப்பட்டிருக்கிறாள். நம் தரவு, நம் மண், நம் சட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு.

தான் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது வெயிலுக்கு இதம்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பயம்கூட எங்கோ தள்ளி நின்றது. விரல் நுனிகள் மட்டும் சில்லிட்டிருந்தன. ஏசியை யாரோ கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

தளம் முழுக்கச் சந்தன வாசனை.

நாளை ஆயுத பூஜை, விடுமுறை. அதனால் அலுவலகப் பூஜை இன்றைக்கே. கணினிகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். பிரின்டரோடு சேர்த்து ஒரு வாழைக்கன்றைக் கட்டியிருந்தார்கள். யாரோ பொரியை இப்போதே தின்ன ஆரம்பித்து, திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருடம் ஐரோப்பாவுக்குப் பதில் சொன்னவர்கள் இவர்கள். அந்த நுண்ணறிவுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தவர்களும் இவர்கள்தான்.

மகுடீஸ்வரன் சந்தனக் கிண்ணத்தோடு வரிசை வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். வாடிக்கையாளர் சேவைக் குழுவின் தலைவர். கிளை திறந்த நாளிலிருந்து இங்கே இருப்பவர். இந்த வேலையை ஒவ்வொரு வருடமும் அவர்தான் செய்வார், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவள் திரையில் அறிவிப்பு தயாராக இருந்தது. வெளியிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அவர் குனிந்து படித்தார். முகம் மலர்ந்தது.

"சூப்பருங்க. அமெரிக்காக்காரனுக்குச் செவுட்டுல அறைஞ்ச மாதிரி இருக்குது."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது சொல்லிவிடலாம். நாமும் வெளியேதான் என்றால் அவருக்குப் புரிந்துவிடும்.

விசைப்பலகையில் விரலை வைத்தாள்.

அவள் வெளியிடாவிட்டால் காத்ரின் வெளியிடுவாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"கையெடுங்க. பொட்டு வெக்கோணும்."

பொத்தானை அழுத்தினாள்.

கையை எடுத்தாள்.

திரையின் ஓரத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். விசைப்பலகையிலும் ஒன்று வைத்தார். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

புகைக்கு அலாரம் அடித்துவிடும். அதனால் கற்பூரத்தை ஏற்றாமலே தட்டைச் சுற்றினார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

அவள் மூடவில்லை.

தளத்தில் எந்த இயந்திரத்தின் மேலும் ஒரு கைகூட இல்லை.

"பூசை போட்டாச்சு. இனி லீவு முடிஞ்சு வந்துதானுங்க தொடோணும்" என்றபடி மகுடீஸ்வரன் பொரித் தட்டை முதலில் அவளிடம்தான் கொண்டு வந்தார்.

"சரிங்க" என்றாள்.

இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.