விமானி அப்பப்பா

"மூக்கை மட்டும் பாருங்கோ. அச்சொட்டா என்ரை மூக்கு."

கிருபானந்தன் சுவரில் காட்டிய, கண்ணாடிச் சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில், போர் விமானத்தின் இறக்கையில் கையூன்றி ஒரு விமானி நின்றார். தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் முகத்தை விழுங்கியிருந்தன. மிஞ்சியது மூக்குத்தான்.

"என்ரை அப்பப்பா. உலக யுத்தத்துக்கு ஒருத்தரும் கூப்பிடேல்லை. தானாப் போய்ச் சேர்ந்து பிளேன் ஓட்டினவர்."

மகன் லக்ஷனுக்குப் பெண் கேட்டு ஆற்றுக்கு அக்கரை ஊரான லொங்குய்யிலிருந்து வந்திருந்த பேரின்பநாதன் மரியாதையாகத் தலையாட்டினார். லக்ஷனும் கிருபானந்தனின் மகள் வித்தியாவும் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதனால் என்ன? முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் இந்தச் சுவரில் மோதித்தான் விழுந்தன.

"பொடியன் நல்ல பொடியன்தான்," என்று இழுத்தார் கிருபானந்தன். "ஆனா இப்பிடியொரு பரம்பரையில பொம்பிளை எடுக்கிறதெண்டா, உங்கடை பக்கத்திலயும் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கவேணும்."

அன்றுதான் முதன்முதலாகக் கட்டிய கிளிப்பச்சைச் சேலையில் வந்த வித்தியா, தேநீர்த் தட்டை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

பேரின்பநாதன் படத்துக்குக் கிட்டப் போனார்.

"அண்ணை, இந்தப் படம் என்னெண்டு உங்கடை வீட்டில?"

தன் ஃபோனைத் தட்டி நீட்டினார். அதே விமானம், அதே மூக்கு.

"இவர் என்ரை அப்பப்பா."

கிருபானந்தனின் மனைவி சிவநேசம் விரல்விட்டு எண்ணினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே அப்பப்பா எண்டா, நீங்கள் ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அப்ப பிள்ளையள்..."

"சகோதரங்கள்," என்று பேரின்பநாதன் ஜாக்கெட்டை எடுத்தார். "சரிவராது. நான் வாறன்."

வித்தியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

ஒரு பக்கம் பரம்பரை, ஒரு பக்கம் பெற்ற பிள்ளை. கிருபானந்தன் விமானியைப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு உதவியும் செய்வதாக இல்லை.

"கொஞ்சம் இருங்கோ," என்றார். "அவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது. நோத்ர-டாம்-த-கிரேஸ் சேர்ச்சில பழைய சாமான் விக்கேக்கை வாங்கினது. இவள் வித்தியாதான் காரில மடியில வச்சுக்கொண்டு வந்தவள். அப்ப எட்டு வயசு."

பேரின்பநாதன் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சோபாவில் தொப்பென்று விழுந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நானும் அப்பிடியொரு இடத்திலதான் எடுத்தனான், அண்ணை."

அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்றே தெரியவில்லை. சிவநேசம் எல்லோர் வாயிலும் லட்டைத் திணித்தாள். இரண்டாவது தேநீர் வருவதற்குள் கல்யாணத்துக்கு மாதம் குறித்தாகிவிட்டது.

அவர் போய் அரை மணியில் கிருபானந்தனின் ஃபோன் மணியடித்தது. பேரின்பநாதன் தன் ஃபோனில் காட்டிய அந்தப் படத்தை அனுப்பி, 'எங்கடை ரெண்டு பேற்றை அப்பப்பா' என்று எழுதியிருந்தார்.

சிரித்தபடியே கிருபானந்தன் மூக்கைப் பார்க்கப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

விமானியின் நெஞ்சுக்கு மேலே, படச் சட்டத்தின் கண்ணாடியில், கிளிப்பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி இரண்டு கைகளாலும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி தெரிந்தாள்.