பூனையம்மாவின் இல்லம்

அக்கரை வயலுக்குப் போகும் எலிகள் எருமையின் முதுகில் ஏறித்தான் ஓடையைக் கடக்கும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. எருமைக்கான புல்லை எல்லா வீடுகளும் வரியாகக் கொடுத்தன. பூனை மட்டும் கொடுக்கவில்லை. அது தாயில்லாத எலிக்குஞ்சுகளுக்கு இல்லம் நடத்தியது. தர்ம காரியத்துக்கு வரி கிடையாது.

அந்த வருஷம் புல் போதவில்லை. மன்றம் கூடியது. தலைவர் ஓணான், யார் பேசினாலும் தலையாட்டுவார்.

"பாதிப் புல்வெளி இல்லத்துப் பேர்லதான் இருக்கு. பூனையம்மாவும் வரி கட்டட்டுமே" என்றது ஓர் எலி. ஓணான் தலையாட்டினார்.

"தாராளமா கட்டறேன். நாளையிலேருந்து பால் கிடையாதுன்னு பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று பூனை கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஓணான் இன்னும் வேகமாகத் தலையாட்டினார்.

வரிவிலக்கு நீடித்தது. எருமையின் சாயங்கால நடை ரத்தானது.

"ஓடையைச் சுத்தி நடந்து வர்றதுக்குள்ள இருட்டிடுமே" என்றது எலி.

"பயப்படாதீங்க. வழியில நான் துணைக்கு நிக்கறேன்" என்றது பூனை. மன்றம் கைதட்டியது.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு அந்த எலி வரவில்லை. அதன் குஞ்சுகள் பூனைக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இல்லத்தில் இடமே இல்லை என்றார்கள்.

"இத்தனை பிள்ளைங்களை ஒருத்தியா தாங்கறீங்களேம்மா" என்று ஓணான் நெகிழ்ந்துபோய், மீதிப் புல்வெளியையும் இல்லத்துக்கே எழுதிக்கொடுத்தார்.

"இந்தக் காலை நடையைப் பத்தியும் ஒரு வார்த்தை" என்று பூனை தொண்டையைச் செருமியது.

அதற்குள் ஓணான் தலையாட்டத் தொடங்கியிருந்தார்.